தனி ஆள் டூம் மெட்டல் ஆல்பம்: 44 நிமிஷம், ஏ ட்யூனிங், 10-க்கு 10 ரூம். எங்கெல்லாம் சறுக்கும்?

#1 பாதாளவீணை

எல்லாருக்கும் வணக்கம். டூம்னா ரொம்ப மெதுவான, கனமான மெட்டல். முழு ஆல்பமும் ஒரே ஆள், ஒரே ரூம். பெங்களூரு ஃப்ரேசர் டவுன் பக்கம் மூணாவது மாடி. ரூம் 10-க்கு 10, சீலிங்கும் ஏறக்குறைய 10 அடி. அஞ்சு பாட்டு, வரிசையா 11, 7, 9, 4, 13 நிமிஷம். வேகம் 48-லிருந்து 56 பிபிஎம் (நிமிஷத்துக்கு இத்தனை பீட்). கிட்டார் ஏ ட்யூனிங், அதாவது வழக்கமான ஈ-யிலிருந்து ஏழு அரைச்சுரம் கீழே.

கைவசம் இருக்கிறது: 25.5 இன்ச் ஸ்கேல் (ஸ்ட்ரிங் நீளம்) ஆறு ஸ்ட்ரிங் கிட்டார் (10–46 செட் போட்டது; எண் ஸ்ட்ரிங் தடிமன், இன்ச்சில் ஆயிரத்தில் இத்தனை பங்கு), நாலு ஸ்ட்ரிங் பேஸ், ரெண்டு இன்புட் இன்டர்ஃபேஸ், ஒரு பிக் மஃப் டிஸ்டார்ஷன் பெடல், ஒரு எஸ்எம்58 மைக். ஆம்ப் கிடையாது, நியூரல் ஆம்ப் மாடலர் சாஃப்ட்வேர்தான். டிரம்ஸ் புரோகிராமிங். வரிகள் தமிழ். வெளியீடு பேண்ட்கேம்ப் தளத்தில், கூடவே 50 கேசட்.

டெமோவில் இருக்கிற கோளாறு: ஸ்ட்ரிங் தொளதொளன்னு ஆடுது, சுருதி நிக்கலை. ஹெட்ஃபோனில் மலை மாதிரி இருக்கிற ரிஃப் (திரும்பத் திரும்ப வர்ற கிட்டார் வரி) மொபைலில் கொசு மாதிரி கேக்குது. குரல் என்ன சொல்லுதுன்னு எழுதினவனுக்கே புரியலை. எங்கே தொடங்கணும்?

#2 மந்தகதி

ஸ்ட்ரிங்கிலிருந்து. 10–46 செட்டை ஏ-க்கு இறக்கினா மிஞ்சுறது பழைய இழுவையில் 45% கூட இல்லை. இழுவை அதிர்வெண்ணோட வர்க்கத்தில் போகும்: ஈ 82.4 ஹெர்ட்ஸ், ஏ 55 ஹெர்ட்ஸ், விகிதம் 0.667, அதோட வர்க்கம் 0.445. தொளதொளக்காம என்ன செய்யும்?

மனக்கணக்கு ஒண்ணு வெச்சுக்குங்க. பழைய இழுவை அப்படியே வேணும்னா தடிமனை அதே விகிதத்தால் வகுக்கணும். 46-ஐ 0.667-ஆல் வகுத்தா 69. பி-க்கு இறக்கினா 61, சி-க்கு 58. கடையில் கிடைக்கிற செட்டில் ஏ-க்கு நெருக்கமானது டி'அடாரியோவோட பாரிடோன் செட், 14–68. சி-க்கு எர்னி பால் 12–56, இல்லேன்னா டி'அடாரியோ 12–60. உங்க ஸ்கேல் 25.5 ஆனதால இது போதும். 24.75 இன்ச் கிட்டாரா இருந்தா இழுவை இன்னும் 6% குறையும். 27 இன்ச் பாரிடோன்னா 12% கூடும்.

ஸ்ட்ரிங் மாத்தினா மட்டும் வேலை முடியாது. 46-க்கு வெட்டின நட் (நெக் நுனியில் ஸ்ட்ரிங்கைத் தாங்குற பட்டை) பள்ளத்தில் 68 உட்காராது, மேலேயே நிக்கும். அப்போ ஓப்பன் நோட் சரியா இருக்கும், முதல் மூணு ஃப்ரெட்டும் ஷார்ப் அடிக்கும். பள்ளத்தை அகலப்படுத்தணும், ஆழப்படுத்தக் கூடாது. அடிப்பகுதி ஹெட்ஸ்டாக் பக்கமா லேசா சரியணும். நட் ஃபைல் இல்லேன்னா பழைய ரவுண்டு வவுண்ட் ஸ்ட்ரிங்கையே அரம் மாதிரி இழுத்து மெதுவா விரிக்கலாம்.

அடுத்தது இன்டொனேஷன், அதாவது மேல் ஃப்ரெட்டிலும் சுருதி சேர்றது. தடிச்ச ஸ்ட்ரிங் விறைப்பா இருக்கும், அதனால சாடில் (பிரிட்ஜில் ஸ்ட்ரிங் உட்கார்ற துண்டு) இன்னும் பின்னால போகணும். ஸ்க்ரூ முடியுற வரைக்கும் போயும் 12-ஆம் ஃப்ரெட் ஷார்ப்பாவே இருந்தா சாடிலைக் கழட்டித் திருப்பிப் போடுங்க. பெரும்பாலான பிரிட்ஜில் ஒண்ணு ஒண்ணரை மில்லிமீட்டர் கூடுதலாக் கிடைக்கும்.

ட்யூனர் விஷயம். கனமா அடிச்சதும் தளர்ந்த ஸ்ட்ரிங் ஒரு நொடி ஷார்ப்பாப் போயிட்டு அப்புறம்தான் இறங்கும். வேகமான பாட்டில் காது பிடிக்கிறது அந்த அடியை. இங்கே ஒரு நோட்டு நாலு நொடி நிக்குது, காது பிடிக்கிறது வாலை. பிக் பட்டதுமே ட்யூனரைப் பார்க்காதீங்க. பாட்டில் அடிக்கிற அதே பலத்தில் அடிச்சு, ரெண்டு நொடி விட்டு முள் எங்கே நிக்குதோ அதைச் சரி பண்ணுங்க.

#3 ஹலசூரு_ஹம்

ஏ எதுக்கு? பிளாக் சபாத் கிட்டாரிஸ்ட் டோனி ஐயோமி 1971-ல் சி ஷார்ப்புக்கு இறக்கினதே போதலையா? அதுவும் தொழிற்சாலையில் விரல் நுனி போனதால ஸ்ட்ரிங்கைத் தளர்த்தி வாசிக்க வேண்டியிருந்த மனுஷன். ஆழம் ரிஃப்ல இருக்கணும், ட்யூனிங்கில் தேடினா கிடைக்காது. சி-க்கு வந்துடுங்க ப்ரோ, பாதிப் பிரச்சினை போயிடும்.

#4 மந்தகதி

> ஏ எதுக்கு?

48 பிபிஎம்மில் ஏ-க்கு நியாயம் உண்டு. ஆனா ஒண்ணை ஒத்துக்கிறேன்: ஏ-க்குப் போறவங்க பாதிப் பேர் பேஸையும் ஒரு ஸ்தாயி கீழே இறக்கப் பார்க்கிறாங்க. அது 27.5 ஹெர்ட்ஸ். அஞ்சு ஸ்ட்ரிங் பேஸோட 130-ஐயே 146-ஆ மாத்தணும், அப்படி மாத்தினாலும் கேக்க ஸ்பீக்கர் இல்லை. கிட்டாரோட தாழ்ந்த ஏ-யும் சாதாரண பேஸோட ஓப்பன் ஏ-யும் ஒரே நோட்டு, ரெண்டும் 55. பேஸை ஸ்டாண்டர்ட்லயே விடுங்க. கிட்டாரோட ஒரே ஸ்தாயியில் போங்க, கனம் வேணுங்கிற இடத்தில் மட்டும் கீழே ஈ-க்கும் ஜி-க்கும் இறங்குங்க. அந்த இறக்கம் ஆல்பத்தில் நாலு தடவை வந்தா போதும், தரை பிளக்கும்.

#5 எர்த்வயர்

கீழ் ஜி-க்கு இறங்கச் சொல்றீங்க, அது 49 ஹெர்ட்ஸ். நம்ம ஊர் கரண்ட் 50. பேஸ் பிக்கப் சிங்கிள் காயிலா இருந்தா அந்த நோட்டும் ஹம்மும் நொடிக்கு ஒரு தடவை மோதி உப்பி வடியும். நோட்ச் ஃபில்டர் போட்டு 50-ஐ வெட்டினா ஜி-யும் சேர்ந்து போகும். அதனால ஹம்மை ரெக்கார்டிங்குக்கு முன்னாடியே கொல்லணும்.

டிஐ (ஆம்ப் இல்லாம நேரா இன்டர்ஃபேஸில் எடுக்கிறது) எடுக்கும்போது லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிட்டு பேட்டரியில் ஓட்டுங்க. ரெண்டு பின் அடாப்டரிலிருந்து கசியுற கரண்ட்தான் ஸ்ட்ரிங்கைத் தொட்டா விறுவிறுங்கிறது, தொடாதபோது ஹம். சார்ஜர் போட்டே ஆகணும்னா மூணு பின் உள்ளதா வாங்கி, எர்த் உண்மையிலேயே இருக்கிற பாயின்ட்டில் மாட்டுங்க. பழைய பில்டிங்கில் மூணு ஓட்டை இருக்கும், பின்னாடி வயர் இருக்காது. எலக்ட்ரீஷியன்கிட்ட நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவுல வோல்டேஜ் அளக்கச் சொல்லுங்க. ரெண்டு மூணு வோல்ட்டுக்கு மேல காட்டினா சந்தேகப்படணும்.

கரண்ட் போய் இன்வெர்ட்டர் எடுத்துக்கிட்டா அந்த டேக்கை நிறுத்திடுங்க. ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் 50-ல மட்டும் நிக்காது, மேலே 150, 250, 350-ன்னு ஏணி போட்டு ஏறும், பிக் மஃப் அதை அப்படியே அள்ளிக்கும். ஃபேன் ரெகுலேட்டர், எல்இடி பல்பு ரெண்டையும் ஆஃப் பண்ணுங்க. கிட்டாரோட 30 டிகிரி 40 டிகிரி திரும்பி உட்கார்ந்து பாருங்க, ஒரு திசையில் ஹம் சட்டுனு குறையும். தரையில் டேப் ஒட்டிக் குறிச்சு வெச்சுக்குங்க.

ஹம் போகணும்னு எர்த் பின்னை மட்டும் யாரும் உடைச்சுடாதீங்க. அந்த யோசனையோட யாராவது வந்தா நெறியாளர்கிட்ட சொல்லி அந்தப் பதிவைத் தூக்கிடுவேன்.

#6 மந்தரஸ்தாயி

ட்யூனிங் சண்டைக்கு நடுவே யாரும் சுரத்தைப் பேசவில்லை. ரிஃப் என்ன ஸ்கேலில் இருக்கிறது?

#7 பாதாளவீணை

மூணு பாட்டு சுபபந்துவராளி சார். ரெண்டு பாட்டு சாதா மைனர், அதாவது நடபைரவி. சுபபந்துவராளி ரிஃப் தனி நோட்டா அழகா இருக்கு, பவர் கார்டாப் போட்டா ரெண்டு இடத்தில் ராகம் உடையுது.

#8 மந்தரஸ்தாயி

உடையத்தான் செய்யும். பவர் கார்டு என்பது எந்தச் சுரத்தை எடுத்தாலும் அதற்குப் பஞ்சமத்தை ஒட்டவைப்பது. அந்தப் பஞ்சமம் ராகத்துக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். ஏ உங்கள் சட்ஜமம்.

சட்ஜமத்துக்கு பஞ்சமம் ஈ, உள்ளே இருக்கிறது. சுத்த ரிஷபம் பி ஃப்ளாட்டுக்கு எஃப், அதாவது சுத்த தைவதம், சரி. பிரதி மத்தியமத்துக்கு ரிஷபமே வந்துவிடும். தைவதத்துக்கு சாதாரண காந்தாரம், காகலி நிஷாதத்துக்கு பிரதி மத்தியமம், இரண்டும் சரி. உடைவது காந்தாரமும் பஞ்சமமும்தான். காந்தாரம் சி-யில் பவர் கார்டு போட்டால் ஜி வரும். ராகத்தில் இருப்பது ஜி ஷார்ப். பஞ்சமம் ஈ-யில் போட்டால் பி வரும். ராகத்தில் இருப்பது பி ஃப்ளாட்.

அந்த இரண்டு இடத்திலும் பஞ்சமத்துக்குப் பதில் நான்காம் சுரத்தை மேலே வையுங்கள். சி-யுடன் எஃப், ஈ-யுடன் ஏ. தலைகீழான பவர் கார்டு மாதிரிதான் ஒலிக்கும், ராகமும் கெடாது. இல்லையென்றால் அங்கே வெறும் ஸ்தாயிக் கட்டு போதும்.

சட்ஜமமும் பிரதி மத்தியமமும் சேர்வதுதான் இந்த வகை இசைக்கே அடையாளமான இடைவெளி. ஆனால் இரண்டையும் தாழ்ந்த ஸ்தாயியில் டிஸ்டார்ஷனுக்குள் சேர்த்து அனுப்பினால் இரண்டின் வித்தியாச அதிர்வும் பிறக்கும். 55-க்கும் 78-க்கும் வித்தியாசம் 23 ஹெர்ட்ஸ். அது சுரமல்ல, சேறு. மத்தியமத்தை ஒரு ஸ்தாயி மேலே வைத்து, கீழே ஏ-யைத் தம்பூராபோல நிற்க விடுங்கள். 50 பிபிஎம்மில் ஓர் ஆவர்த்தனம் 4.8 நொடி. விளம்ப காலத்தில் பாடுகிறவர்களுக்குத் தெரிந்த சங்கதிதான்: நேரம் இருப்பதால் சுரத்துக்குள் சுரம் தேடலாம். கார்டு மாற்றும் இடத்தில் ரிஷபத்திலிருந்து சட்ஜமத்துக்கு ஒரு மெதுவான இறக்கம் கொடுங்கள். ஸ்ட்ரிங்கை முதலிலேயே வளைத்துப் பிடித்து, அடித்து, தளர்த்துவது.

#9 பாதாளவீணை

சார், இது சக்கத். நாலாம் சுரம் போட்டுப் பார்த்தேன், ரிஃப் நேராயிடுச்சு.

அடுத்த சந்தேகம். கேட் (சத்தம் குறைஞ்சதும் ஒலியை அடைக்கிறது) போட்டிருக்கேன், ஆனா ஒவ்வொரு கார்டும் கடைசியில் கத்தரிச்ச மாதிரி நிக்குது. கேட் எடுத்தா இரைச்சல். அப்புறம் கிட்டார் நாலு டிராக் போட்டேன், ரெண்டு டிராக் போட்டதைவிடச் சின்னதா இருக்கு. ஏன்?

#10 மந்தகதி

ரெண்டுக்கும் காரணம் வால்தான்.

கேட்டை ஆம்புக்குப் பின்னால வெச்சிருப்பீங்க. டிஸ்டார்ஷன் ஏற்கெனவே எல்லாத்தையும் அமுக்கி ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்துடுது, அதனால நோட்டும் இரைச்சலும் கேட்டுக்கு ஒண்ணாத்தான் தெரியும். டிஐ டிராக்கில், ஆம்புக்கு முன்னால, எக்ஸ்பாண்டர் (கேட் மாதிரிதான், ஆனா அடைக்காம மெதுவாக் குறைக்கும்) போடுங்க. விகிதம் 2-க்கு 1, ரிலீஸ் 400 மில்லிசெகண்டுக்குக் குறையாம. ரிஃப் நடுவில் அதுகூட வேண்டாம். முழு மௌனம் வர்ற இடத்தில் கையால வெட்டி 50 மில்லிசெகண்ட் ஃபேட் போடுங்க. 44 நிமிஷ ஆல்பத்தில் அப்படிப்பட்ட இடம் முப்பதோ நாற்பதோதான் இருக்கும். ஒரு சாயங்கால வேலை.

ரெக்கார்டிங் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். நியூரல் ஆம்ப் மாடல்கள் பெரும்பாலும் 48-ல பயிற்சி பெற்றவை, செஷனும் அதே இருந்தா மாத்துற வேலை மிச்சம். டிஐ உச்சம் மைனஸ் 12 டிபி பக்கம் நிக்கட்டும். பிக் மஃப்புக்கு மிடில் கிடையாது, 1 கிலோஹெர்ட்ஸ் பக்கம் பள்ளம். தனியா வாசிக்கும்போது அந்தப் பள்ளம்தான் அழகு. டிரம்ஸும் குரலும் வந்ததும் கிட்டார் அதுக்குள்ள விழுந்து காணாமப் போகும். ஒரு பக்கம் மஃப், இன்னொரு பக்கம் மிடில் தூக்கின ராட் பெடல் வகை டிஸ்டார்ஷன் வெச்சா ஒண்ணோட பள்ளத்தை இன்னொண்ணு நிரப்பும்.

நாலு டிராக் ஏன் சின்னதாச்சு? ரெண்டு டிராக்குக்கு நடுவுல 10 சென்ட் சுருதி வித்தியாசம்னு வெச்சுக்குங்க (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்). 55 ஹெர்ட்ஸில் அது மூணு நொடிக்கு ஒரு தடவை உப்பி வடியும் அலை. மேல் ஹார்மானிக்கில் இன்னும் வேகமா. 180 பிபிஎம்மில் யாருக்கும் தெரியாது. 4.8 நொடி நிக்கிற கார்டில் அந்த அலை முழுசா ஒரு சுத்து வந்துடும், நடுவுல ஒலி வத்திப் போன மாதிரி கேக்கும். நாலு டிராக்னா அந்த மாதிரி ஆறு ஜோடி மோதுது. ரெண்டே டிராக், முழு இடது, முழு வலது. ஒவ்வொரு டேக்குக்கும் முன்னாடி ட்யூன் பண்ணுங்க. மூணாவது வேணும்னா ஒரு ஸ்தாயி மேலே வாசிச்சு நடுவில் சன்னமா வையுங்க.

கிட்டாரில் 75 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்க. "அடிநோட்டே 55 ஆச்சே"ன்னு கேப்பீங்க. அது பேஸோட வேலை. பவர் கார்டு டிஸ்டார்ஷனுக்குள் போனா 27 ஹெர்ட்ஸிலும் ஒரு பிள்ளை பிறக்கும். அதை யாரும் கேக்கப் போறதில்லை, ஆனா லிமிட்டரைத் தின்னும்.

மொபைலில் கொசு ஆனதுக்கும் பதில் பேஸ்லதான். மொபைல் ஸ்பீக்கருக்கு 55 இருக்குன்னே தெரியாது, அதுக்குத் தெரிஞ்சது 300-க்கு மேலதான். பேஸ் டிஐயை ரெண்டாப் பிரிங்க. 180-க்குக் கீழே சுத்தமா, நல்லா அமுக்கி. அதுக்கு மேலே டிஸ்டார்ஷன், 600-லிருந்து 1200 வரை தெரியும்படி. அந்த ஹார்மானிக்குகளை வெச்சுக் காது இல்லாத 55-ஐத் தானே கட்டிக்கும். பிரிச்ச ரெண்டையும் பெரிசாக்கிப் பார்த்து அலை முகடு சேருதான்னு உறுதி பண்ணுங்க. ஆம்ப் மாடல் வழியாப் போனது சில சாம்பிள் பிந்தி வரும்.

#11 தோல்வாத்தியம்

டிரம்ஸ் புரோகிராமிங்கில் எல்லாரும் கிக்கையும் ஸ்னேரையும் நோண்டுவாங்க. மெதுவான பாட்டில் பொய் தெரியுறது சிம்பல்ல. இலவச சாம்பிள் பேக்கில் க்ராஷ் ரெண்டு ரெண்டரை நொடியில் ஃபேட் ஆகிடும். உங்க பார் ஒண்ணு 4.8 நொடி. பாதி பாருக்கு மேல சிம்பல் இல்லாம பொக்கையாக் கிடக்கும். ரிவெர்ப் போட்டு மூடலாம்னு பார்த்தா பொக்கைக்குள்ள ரிவெர்ப் மட்டும் தனியாக் கேக்கும். வாங்குறதுக்கு முன்னாடி க்ராஷ் ஒரு அடி அடிச்சு நொடி எண்ணுங்க. அஞ்சு நொடியாவது இயல்பா அடங்கணும். ஒரே க்ராஷைத் திரும்பத் திரும்ப அடிக்காம இடம் ஒண்ணு வலம் ஒண்ணு, வெலாசிட்டி (அடியோட பலம், உச்சம் 127) 95-லிருந்து 118-க்குள் மாத்திக்கிட்டே போங்க. 127 தொடவே வேண்டாம்.

கிரிட்டில் ஒட்ட வெக்காதீங்க. 50 பிபிஎம்மில் பதினாறாம் நோட்டே 300 மில்லிசெகண்ட். ஸ்னேரை 15-லிருந்து 20 பின்னால தள்ளினா இழுத்துக்கிட்டு நடக்கிற மாதிரி வரும். கிக்கை நகர்த்த வேண்டாம். கிக்கும் பேஸும் ஒண்ணா இறங்கணும். கிக் சாம்பிளோட உடம்பு 55-லயே இருந்தா பேஸோட சண்டை. பிட்ச் ஏத்தி 80 பக்கம் கொண்டுபோங்க. டெம்போ மேப்பில் கனமான பகுதிக்கு ரெண்டு பிபிஎம் குறைங்க, யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்க, உடம்புக்குத் தெரியும்.

கிளிக் ஒரு பீட்டுக்கு ஒண்ணுன்னு வெச்சா 48-ல யாராலும் ஒட்டி வாசிக்க முடியாது. ஒரு பீட்டை மூணாப் பிரிச்சு கிளிக் கேளுங்க.

#12 ஹலசூரு_ஹம்

எல்லாரும் மிக்ஸிங் பேசுறீங்க, ரூமை யாரும் பார்க்கலை. 10 அடி நீளம், 10 அகலம், 10 உயரம். இது ரூம் இல்லை, பெட்டி. ஒலி வேகம் 343 மீட்டர், 10 அடி 3.05 மீட்டர். ரூமோட முதல் மோடு (சுவருக்குச் சுவர் மோதி உப்புற அதிர்வெண்) 343-ஐ 6.1-ஆல் வகுத்தா வர்ற 56 ஹெர்ட்ஸ். மூணு திசையிலும் அதே 56. பாட்டோட சட்ஜமம் 55!

சுவர் ஓரத்தில் உட்கார்ந்தா ஓப்பன் ஏ பூகம்பம் மாதிரி இருக்கும், "பேஸ் அதிகம்"னு குறைச்சுடுவீங்க. ரூம் நட்டநடுவில் உட்கார்ந்தா அதே ஏ காணாமலே போகும், ஏத்திடுவீங்க. ரெண்டும் பொய். முன் சுவரிலிருந்து 38% தூரம், அதாவது நாலடிக்குக் கொஞ்சம் குறைவா, நாற்காலியைப் போடுங்க. அங்கேயும் ஸ்பீக்கர் சொல்றதை 100-க்குக் கீழே நம்பாதீங்க. ஓப்பன் பேக் ஹெட்ஃபோன், ஸ்பெக்ட்ரம் அனலைசர், இந்த ரெண்டும்தான் கீழ்ப்பகுதிக்குச் சாட்சி.

முட்டை அட்டை ஒட்டாதீங்க. நாலு இன்ச் ராக்வூல் ஸ்லாப், 48 கிலோ அடர்த்தி, துணி சுத்தி மூலைகளில் நிறுத்துங்க. கையுறை, மாஸ்க் போட்டுத்தான் வெட்டணும். அது 56-ஐ அடக்காது, அந்த அலையோட கால் பகுதியே ஒண்ணரை மீட்டர். ஆனா 150-க்கு மேலே தெளியும், குரலுக்கு அது போதும்.

#13 அகவல்

குரல் புரியாததற்கு மைக்கைக் குறை சொல்லிப் பயனில்லை. வரிகளைப் பாட்டின் வேகத்துக்கு எழுதவில்லை என்றே படுகிறது.

தமிழில் குறிலை நீட்டினால் சொல்லே மாறிவிடும். "கல்" என்று எழுதி 1.2 நொடி நீட்டினால் கேட்பவனுக்கு "கால்". "படம்" நீண்டால் "பாடம்", "எரி" நீண்டால் "ஏரி". ஆங்கிலத்தில் பாடுகிறவர்களுக்கு இந்த அளவு தொல்லை இல்லை. உறுமலில் உயிரெழுத்து ஏற்கெனவே பாதி மழுங்கியிருக்கும். நீளமும் போனால் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை.

வழி இலக்கணத்திலேயே இருக்கிறது. நீண்ட நோட்டில் நெடிலை வையுங்கள். செய்யுளில் உயிரளபெடை நெடிலைத்தானே இன்னும் நீட்டுகிறது. குறில் வந்தே தீர வேண்டிய இடத்தில் உயிரைச் சட்டென்று விட்டு அடுத்த மெய்யில் நில்லுங்கள். நன்னூல் ஒற்றளபெடைக்கு, அதாவது மெய்யை நீட்டுவதற்கு, அனுமதிக்கும் எழுத்துகள் ங், ஞ், ண், ந், ம், ன், வ், ய், ல், ள், ஆய்தம். வல்லினம் ஒன்றுகூட இல்லை, ரகரமும் ழகரமும் இல்லை. உறுமலில் நிறுத்திப் பார்த்தால் ஏன் என்று தொண்டையே சொல்லும். "கலங்ங்கு" என்று இழுக்கலாம். "கற்" என்று எப்படி இழுப்பது?

வல்லினத்தை அடிக்கு வையுங்கள். ஸ்னேர் விழும் இடத்தில் க, த, ப தொடங்கும் சொல் வந்தால் மிக்ஸில் தானாகவே மேலே வரும். ல, ள, ழ வேறுபாட்டில் பொருள் தொங்கும் சொற்களைத் தவிருங்கள். உறுமலில் "வாழை"யும் "வாளை"யும் ஒன்றுதான். ஒரு வரிக்கு நான்கு சீர் என்றால் 48 பிபிஎம்மில் மூச்சு முட்டும். இரண்டு சீர், நடுவே ஒரு பார் வெற்றிடம். குறளடி என்று பெயரே இருக்கிறது.

#14 எர்த்வயர்

"கல் விழுந்தது"ன்னு ரெண்டு நிமிஷம் கதறி, கேக்கிறவன் யாரோட கால் விழுந்ததுன்னு தேடப் போறான்.

#15 தோல்வாத்தியம்

குரல் எடுக்கிற விதத்தில் ரெண்டு விஷயம். எஸ்எம்58-ஐக் கையால மூடிப் பிடிக்காதீங்க. மேடையில் பார்க்க நல்லா இருக்கும், மைக்கோட திசை போய் மிடில் மட்டும் பிதுங்கும். ஸ்டாண்டில் வெச்சு அஞ்சாறு சென்டிமீட்டர் தள்ளி நில்லுங்க. உறுமல் சத்தத்தால வர்றதில்லை. சரியா வந்தா பேச்சுக் குரலைவிடக் கொஞ்சம்தான் அதிகம் இருக்கும். தொண்டை எரிஞ்சா அன்னிக்கு நிறுத்திடணும். 20 நிமிஷம் பாடினா அரை மணி ஓய்வு, வெதுவெதுப்பான தண்ணி. அக்கம்பக்கத்துத் தொல்லைக்குத் துணி நிறைஞ்ச அலமாரியைத் திறந்து அதைப் பார்த்துப் பாடுறது ஒரு வழி. பேஸ்மென்ட்டில் நிக்கிற கார் அதைவிட நல்ல பூத், செக்யூரிட்டிகிட்ட முன்னாடியே சொல்லிடுங்க.

#16 கேசட்_கடை

50 கேசட்டுன்னு சொன்னீங்க. பாட்டு வரிசையை இப்பவே மாத்துங்க. 11, 7, 9, 4, 13 அப்படியே போனா முதல் பக்கம் 27 நிமிஷம், ரெண்டாம் பக்கம் 17. சி-60 (ரெண்டு பக்கமும் சேர்த்து 60 நிமிஷம்) வாங்கி ஒரு பக்கத்தில் 13 நிமிஷம் வெறும் டேப் ஓடும். மூணாவதையும் நாலாவதையும் இடம் மாத்தினா 11, 7, 4 ஒரு பக்கம், 9, 13 இன்னொரு பக்கம். சரியா 22, 22. சி-46-ல உட்காரும், தொடக்கத்து லீடர் டேப்புக்கும் இடம் இருக்கும். முதல் நோட்டுக்கு முன்னாடி எட்டு நொடி மௌனம் வையுங்க.

கேசட்டுக்குத் தனி மாஸ்டர். கேசட் முதலில் திணறுறது மேலே, க்ராஷ்ல. 10 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே ரெண்டு டிபி இறக்கி அனுப்புங்க. கீழே 35-க்கு அடியில் வெட்டிடுங்க. நிறையப் பேர் மறக்கிறது வேகத் தள்ளாட்டம். டெக் 0.3% ஆடினா சுருதி அஞ்சு சென்ட் ஆடும். வேகமான பாட்டில் மறைஞ்சுடும், தனி க்ளீன் கிட்டார் ஆறு நொடி நிக்கிற அறிமுகத்தில் வாந்தி வர்ற மாதிரி அசையும். டெக்கில் பெல்ட் புதுசாப் போடுங்க. ஹெட், கேப்ஸ்டன், ரப்பர் உருளை மூணையும் துடைங்க. ஹெட்டுக்கும் கேப்ஸ்டனுக்கும் 99% ஐசோப்ரோபைல் ஆல்கஹால், ரப்பருக்கு அதில் கொஞ்சமா. மழைக்காலத்தில் காலி டேப்பைச் சிலிக்கா ஜெல்லோட டப்பாவில் வையுங்க, வெள்ளைப் பூஞ்சை வந்தா அந்த டேப் ஹெட்டையும் கெடுக்கும்.

#17 ஹலசூரு_ஹம்

டிஜிட்டல் மாஸ்டர் எவ்வளவு சத்தம்? மைனஸ் 8 லஃப்ஸ் (சராசரி சத்த அளவு) வரைக்கும் ஏத்தலாம்னு நினைக்கிறேன். டூம் சத்தமாத்தானே இருக்கணும்.

#18 மந்தகதி

கேக்கிறவன் வால்யூமைத் திருகட்டும். மைனஸ் 8-க்கு அமுக்கினா கார்டோட வால் அடியோட உயரத்துக்கே வந்து நிக்கும், ஒவ்வொரு கிக்குக்கும் முழுச் சுவரும் குனிஞ்சு நிமிரும். ஸ்பாட்டிஃபை எப்படியும் மைனஸ் 14-க்கு இறக்கிடும். கனமான பகுதி மைனஸ் 11, க்ளீன் அறிமுகம் மைனஸ் 20 பக்கம், உச்சம் மைனஸ் 1 ட்ரூ பீக். அந்த ஒன்பது டிபி வித்தியாசம்தான் ரிஃப் இறங்கும்போது நெஞ்சில் உட்கார்றது.

#19 ஹலசூரு_ஹம்

11 இல்லை, 10. அதுக்கு மேல இறங்க மாட்டேன்.

#20 கேசட்_கடை

பணம் பத்தி யாரும் சொல்லலை. பேண்ட்கேம்ப் பேபால் வழியாத்தான் தரும். பேபால் இந்தியாவுக்குள்ள நடக்கிற பரிமாற்றத்தை 2021 ஏப்ரல் 1-லிருந்து நிறுத்திடுச்சு. வெளிநாட்டுக்காரர் வாங்கினா வரும், ஜெயநகரில் இருக்கிறவர் வாங்க நினைச்சா சிக்கும். உள்ளூர் ஆளுக்கு யூபிஐயில் வாங்கிக்கிட்டு டவுன்லோட் கோடு அனுப்புங்க. கோடை ஒவ்வொரு கேசட் அட்டைக்குள்ளயும் அச்சடிச்சுப் போடுங்க, டெக் இல்லாதவங்கதான் அதிகம் வாங்குவாங்க.

#21 பாதாளவீணை

எல்லாருக்கும் நன்றி. வரிசை மாத்தியாச்சு, 22–22. நாற்காலி முன் சுவரிலிருந்து மூணே முக்கால் அடி. மூணாம் பாட்டு வரிகளை இரண்டு சீராக் குறைச்சுட்டேன், "கல்" போய் "பாறை" வந்தாச்சு.

14–68 செட் போட்டதில் ஒரு சிக்கல். சாடிலைத் திருப்பியும் ஆறாவது ஸ்ட்ரிங் 12-ல் நாலு சென்ட் ஷார்ப். அப்புறம் மூணாவது ஃப்ரெட்டில் மட்டும் உலோகம் உரசுற சத்தம்.

#22 மந்தகதி

நாலு சென்ட்டை விடுங்க. ரிஃப் அஞ்சாம் ஃப்ரெட்டைத் தாண்டலைன்னா 12-ஐ மறந்துட்டு, ஓப்பனும் மூணாம் ஃப்ரெட்டும் சேரும்படி சமாளிச்சு ட்யூன் பண்ணுங்க. மேலே வாசிக்கிற பகுதியைத் தனி டேக்கா, அதுக்குன்னு ட்யூன் பண்ணி எடுங்க.

மூணாவதில் மட்டும் உரசினா நெக்கையோ நாலாவது ஃப்ரெட்டையோ பார்க்கணும். முதல் ஃப்ரெட்டில் காப்போ (ஸ்ட்ரிங்கை அழுத்திப் பிடிக்கிற கிளிப்) போட்டு, கடைசி ஃப்ரெட்டை அழுத்தி, ஏழாவதில் இடைவெளி பாருங்க. தடிச்ச ஸ்ட்ரிங் அகலமா ஆடுறதால 0.3 மில்லிமீட்டர் வரை இருக்கலாம். காகிதம்கூட நுழையலைன்னா ட்ரஸ் ராடை (நெக்குக்குள்ள இருக்கிற கம்பி) கால் சுத்து தளர்த்தி, ஒரு ராத்திரி விட்டு மறுபடி பாருங்க. இடைவெளி சரியா இருந்தும் உரசினா நாலாவது ஃப்ரெட் தூக்கி நிக்குது. அதை ஸ்ட்ரிங்கால தீர்க்க முடியாது, கடையில் குடுத்து ஃப்ரெட்டை மட்டம் தட்டச் சொல்லுங்க. அப்படியே நட்டையும் காட்டிடுங்க.